மழையின் ஒழுங்கும் மக்கள் வாழ்வும்

மழை மிகுதியாகப் பெய்யும் ஊர் எது என்று பள்ளிப் பருவத்தில் நம்மைக் கேட்டவர்களுக்குச் சிரபுஞ்சி என்று தயங்காமல் விடை கூறினோம். மேகாலயத்து மலைகளில் அவ்வூருக்கு அண்மையில் மாவ்ம்லு என்னும் சுண்ணாம்புக் குகை ஒன்று இருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர்களின் உலக ஒன்றியம், நாம் வாழும் காலப்பகுதிக்கு ‘மேகாலயக் காலம்’ என்று பெயர் சூட்டியது. அதன் தொடக்க எல்லைக்குச் சான்றாக அக்குகையிற் கிடைத்த கல் ஒன்றை ஏற்றுக்கொண்டது. மழைக்குப் பேர்போன மண்ணின் பெயரைத் தாங்கிய அக்காலம், மழை குன்றிப்போன ஒரு நிகழ்ச்சியிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பது கருதத்தக்கது.

கல் எவ்வாறு மழைக்குச் சான்று கூறும் என்று ஐயுறலாம். மலைமீது பெய்த மழைநீர் பாறையிடுக்குகளின் வழியே கசிந்து குகைக்குள் சொட்டுகிறது. சொட்டும் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு தரையில் படிந்து, ஆண்டுக்கு ஒரு மயிரிழை அளவாகத் தூண்போல் உயர்கிறது. அப்படிவில் மழைநீரின் பிராணவாயுவும் கலந்து நிற்கிறது. பிராணவாயுவில் இலேசான அணுவும் உண்டு, கனத்த அணுவும் உண்டு. பருவமழை வலுத்த காலத்திற் கனத்த அணுவின் பங்கு குறைகிறது. மழை தளர்ந்த காலத்தில் அது கூடுகிறது. கல்லிலுள்ள யுரேனியமும் தோரியமும் அதன் வயதைத் தெரிவிக்கின்றன. இவ்விரு கணக்கையும் ஒருசேர நோக்கிய அறிஞர்கள், இற்றைக்கு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்து, அத்தளர்ச்சி பல தலைமுறைகள் நீடித்ததைக் கண்டனர்.

இதன் பொருளை உணர, இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். மனிதன் இவ்வுலகில் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறான். ஆயினும் அவன் உழுது விதைக்கத் தொடங்கிப் பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவில்லை. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியூழி முடிவுற்றது. அதற்குமுன் தட்பவெப்ப நிலை அடிக்கடி பெரிதும் மாறிக்கொண்டிருந்தது. அதன்பின் வந்த காலத்திலோ அம்மாற்றங்கள் சிறிய எல்லைக்குள் அடங்கின. இந்த விதையை இந்த மாதத்தில் ஊன்றினால் இந்த மாதத்தில் அறுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது அப்போதுதான். ஊரும், களஞ்சியமும், வாணிபமும், எழுத்தும் அந்நம்பிக்கையின்மேல் எழுந்தவை. நாம் நாகரிகம் என்று போற்றுவது, நாளைய மழை நேற்றைய மழையை ஒத்திருக்கும் என்ற எதிர்பார்ப்பின் விளைவு என்றால் மிகையாகாது.

அவ்வெதிர்பார்ப்புத் தவறிய காலங்களில் மக்கள் வாழ்வு என்னவாயிற்று? மழை குறைந்த அளவுக்கு வாழ்வும் குறைந்ததா? அல்லது வேறேதேனும் ஒன்று இடைநின்று அதைத் தாங்கியதா? நம் நாட்டு வரலாற்றிலிருந்து சில காலங்களை எடுத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை தேட முற்படுவோம்.

முதலாவது, சிந்துவெளி. கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை அரப்பா, மொகஞ்சதாரோ, இராகிகடி, தோலாவீரா முதலிய நகரங்கள் சிறந்து விளங்கின. நேரிய தெருக்கள், மூடிய சாக்கடைகள், ஒரே அளவான எடைக்கற்கள், முத்திரைகள் ஆகியவற்றை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்திருக்கின்றனர். கட்சு வளைகுடாவுக்கு வடக்கே, உவர்நிலம் சூழ்ந்த காதிர்த் தீவில் அமைந்த தோலாவீரா நம் கவனத்துக்கு உரியது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மன்சர், மன்கர் என்னும் இரு மழைக்கால ஓடைகளின் நடுவே நகரை அமைத்து, அவற்றின் நீரைத் திருப்பி மதிலுக்குள்ளே பெரிய நீர்த்தேக்கங்களில் நிரப்பிவைத்தனர். நீர் வராத மாதங்களையும் கணக்கிட்டு வாழ்ந்த மக்கள் அவர்கள்.

பருவமழை தளர்ந்தது ஏறத்தாழ கி.மு. 2200-இல். அந்நகரங்கள் அன்றே அழிந்துவிடவில்லை. மேலும் முந்நூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. நகரங்களின் தளர்ச்சிக்கு மழைக்குறைவு ஒன்றே காரணமா, ஆறுகளின் போக்கு மாறியதும் மேற்காசிய வாணிபம் நலிந்ததும் சேர்ந்து காரணமா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நேர்ந்தது இன்னதென்பதில் ஐயமில்லை. மக்கள் பெருநகரங்களை விட்டுக் கிழக்கே யமுனைப் பக்கத்துக்கும் தெற்கே சௌராட்டிரத்துக்கும் சென்று சிற்றூர்களில் குடியேறினர். குறைந்த நீரில் விளையும் சிறுதானியங்களைப் பயிரிட்டனர். குடி அழியவில்லை. எழுத்து வழக்கொழிந்தது, முத்திரையும் எடைக்கல்லும் மறைந்தன, சாக்கடை அமைக்கும் கலை மறைந்தது. அரப்பாவின் இடுகாடுகளிற் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், நகரவாழ்வு குலைந்த பிற்காலத்தில் தொழுநோய், காசநோய் போன்ற தொற்றுநோய்களின் அடையாளங்கள் கூடியிருப்பதைக் கண்டனர். உயிர் பிழைத்திருப்பது வேறு, நன்றாக வாழ்வது வேறு. தட்பவெப்பத்தின் ஒழுங்கு குலையும்போது முதலில் இழக்கப்படுவது இரண்டாவதே.

அடுத்து, எழுத்துச் சான்றுகள் மிகுந்த முகலாயர் காலத்துக்கு வருவோம். 1630-இல் குசராத்திலும் தக்காணத்திலும் மழை பொய்த்தது; அடுத்த ஆண்டு அளவுக்கு மீறிப் பெய்து பயிரைக் கெடுத்தது. சூரத்திலிருந்து ஆக்ராவுக்குப் பயணம் செய்த பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேய வணிகர், வழியெங்கும் பிணங்கள் கிடந்ததைத் தம் குறிப்பில் எழுதிவைத்தார். அப்போது தக்காணப் போருக்காகப் புர்கான்பூரில் தங்கியிருந்த ஷாஜகான், அங்கும் அகமதாபாத்திலும் சூரத்திலும் கஞ்சித்தொட்டிகளைத் திறந்து நிலவரியிலும் ஒரு பகுதியைத் தள்ளினார். எனினும் பெரும்படை ஒன்று அதே நிலத்தின் தானியத்தை உண்டுகொண்டிருந்தது. வானம் பொய்த்ததோடு போரும் சேர்ந்தபோது அரசின் அறம் போதாமற்போயிற்று.

வட இந்தியா கொடும்பஞ்சத்தில் ஆழ்ந்திருந்த 1784-இல் அயோத்தி நவாபு ஆசப்-உத்-தௌலா இலக்னோவில் பெரிய இமாம்பாடாவைக் கட்டத் தொடங்கினார். பசித்தவர்க்கு வேலையும் கூலியும் கிடைக்கவேண்டும் என்பதே அவர் கருத்து என்று அந்நகரத்தார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். இலக்னோவில் வாழும் நம்மவர் அம்மண்டபத்தைக் காணும்போது, அது தொழுகைக்குரிய இடமாக மட்டுமன்றி, பஞ்ச நிவாரணப் பணியின் நினைவாகவும் நிற்பதை அறிதல் நலம்.

இனி நம் முன்னோரை நேராகத் தாக்கிய பஞ்சத்துக்கு வருகிறோம். 1876-இல் தென்மேற்குப் பருவமழை தக்காணத்திலும் தென்னாட்டிலும் பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத்து, பம்பாய் மாகாணம் ஆகிய பகுதிகளைப் பற்றிய பஞ்சம், 1877-இல் வடக்கேயும் பரவியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டது இதுவே. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மைசூரில் 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 50 இலட்சத்துக்குச் சற்று மேலிருந்த மக்கள்தொகை, 1881-இல் 42 இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று.

அப்பொழுது நாட்டில் தானியம் அறவே இல்லாமற்போகவில்லை. இருப்புப்பாதை இருந்தது, துறைமுகங்கள் இருந்தன, கோதுமை கடல் கடந்து ஏற்றுமதியாகிக்கொண்டும் இருந்தது. இல்லாமற்போனது கூலி. மழையில்லையேல் உழவில்லை, உழவில்லையேல் கூலியாளுக்கு வேலையில்லை, கடைத்தெருவில் மூட்டை அடுக்கியிருந்தும் அவன் கையில் காசில்லை. அரசின் சார்பில் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், சிக்கனத்தைக் கருதி, நிவாரண வேலையில் இருந்தோரின் கூலியை 1877-இன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாகக் குறைக்கச் செய்தார். கடின வேலை செய்யும் உடலுக்கு அவ்வுணவு போதாதென்று சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மடிந்தவர் பலர். சென்னையில் இன்று பக்கிங்காம் கால்வாய் என வழங்கும் நீர்வழியின் ஒரு பகுதி அக்காலத்துப் பஞ்சக் கூலியாட்கள் வெட்டியதாகும்.

சொந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இக்காலம் இன்னொரு வகையிலும் உரியது. அப்பஞ்ச ஆண்டுகளில் இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர் தொகை பெருகிற்று. பின்னர் 1880-களில் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் விரிவடைந்தபோது வடஆர்க்காட்டு வறண்ட நிலத்து மக்கள் அங்கே சென்று குடியேறினர். ஊர்விட்டு ஊர் வந்தோர் அனைவரும் மழை பொய்த்ததால் வந்தவர் அல்லர். படிப்பும் பதவியும் வாணிபமும் நம்மிற் பலரை அழைத்துவந்தன. ஆயினும் நம் குடிவழிகளிற் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால், எங்கோ ஒரு தலைமுறையில் வற்றிய ஏரி ஒன்று தென்படும்.

அப்பஞ்சம் இரண்டு பாடங்களை விட்டுச்சென்றது. ஒன்று ஆட்சிமுறையைச் சார்ந்தது. சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சியின் தலைமையில் அமைந்த பஞ்சக் குழு 1880-இல் அறிக்கை தந்தது. மழை பொய்க்கும்போது முதலில் விழுபவன் கூலியாள். ஆதலால் காலத்தே வேலை தந்து கூலி கொடுப்பதே முதல் மருந்து என்று அது கண்டது. அதன் வழியே 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. விலை ஏறுதல், மக்கள் கூட்டங்கூட்டமாக அலைதல் முதலிய முன்னறிகுறிகள் தோன்றியவுடன் அதிகாரி இன்னின்ன செய்யவேண்டும் என்று அது வகுத்தது.

மற்றொன்று அறிவைச் சார்ந்தது. 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயத்துப் பனியைக் கொண்டு பருவமழையை முன்னறிய 1880-களில் முயன்றார். அம்முயற்சி வளர்ந்தும், 1899-இல் முன்னறிவிப்புப் பொய்த்தது, மழையும் பொய்த்தது. விக்கிரம ஆண்டு 1956-இல் வந்தமையால் ‘சப்பனியா’ என்று இராசத்தானத்து மக்கள் இன்றும் நினைவுகூரும் பஞ்சம் அதுவே. அதைக் கண்ட பிகானேர் மன்னர் கங்கா சிங், தம் பாலைநிலத்துக்குச் சட்லெஜ் நீரைக் கொண்டுவரப் பல்லாண்டு முயன்று, 1927-இல் கங்கைக் கால்வாயைத் திறந்தார். 1904-இல் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞரோ, உலகெங்குமுள்ள காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடற் பக்கம் இறங்குவதையும், இது மாறி மாறி நிகழ்வதையும் கண்டு, 1924-இல் அதற்குத் ‘தெற்கு அலைவு’ என்று பெயரிட்டார். எல் நினோ என்று நாம் இன்று செய்திகளிற் கேட்கும் பசிபிக் கடல் வெப்பத்தோடு அது பிணைந்தது என்பது பிற்காலத்திற் புலனாயிற்று. 1877, 1899, 1918, 1972, 2009 ஆகிய யாவும் எல் நினோ ஆண்டுகளே.

இவ்வாண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் நம் வினாவுக்கு விடை கிடைக்கும். 1918-இல் மழை பொய்த்தது. உலகப் போரால் விலை ஏறியிருந்தது. மெலிந்த உடல்களை இன்புளுயன்சாக் காய்ச்சல் தாக்கிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1911-இல் 25.2 கோடியாயிருந்த இந்திய மக்கள்தொகை 1921-இல் 25.1 கோடியாகக் குறைந்தது. குடிக்கணக்கெடுப்பில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான்.

1972-இலும் அதே கடல் வெம்மை. மகாராட்டிரத்தில் கடும் வறட்சி. ஆனால் இம்முறை வாக்குரிமை பெற்ற மக்கள் வேலை கேட்டனர். அரசு வேலை தந்தது. 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் நிவாரணப் பணிகளில் கூலி பெற்றனர். பயிர் அழிந்தது, கால்நடைகள் மாண்டன, பெருஞ்சாவு நேரவில்லை. அவ்வனுபவத்திலிருந்து எழுந்த வேலை உறுதித் திட்டத்தை அம்மாநிலம் 1977-இல் சட்டமாக்கிற்று. 2005-இல் நாடு முழுவதற்கும் ஊரக வேலைக்குச் சட்டம் இயற்றப்பட அது முன்மாதிரியாயிற்று. இதற்கிடையில் களஞ்சியமும் வளர்ந்திருந்தது. 1965 ஜனவரி 14-இல் தொடங்கிய இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது தஞ்சாவூரில். 2009-இல் நாட்டின் பருவமழை சராசரியில் 78 விழுக்காடே பெய்தது. விலைவாசி ஏறி ஏழைகள் இடர்ப்பட்டனர். பஞ்சம் என்ற சொல்லுக்கு இடமேற்படவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 1943-இல் வங்காளத்தில் பெருவறட்சி ஏதும் இல்லை. பர்மா சப்பானியர் கைக்குப் போனதால் அரிசி வரவு நின்றது. போர்ச் செலவால் விலை ஏறிற்று. ஆற்றுப் படகுகளை அரசு பறித்துக்கொண்டது. பஞ்ச விதித்தொகுப்பு நூலாக இருந்தும், பஞ்சம் என்று அறிவிக்க அரசு முன்வரவில்லை. இருபது முதல் முப்பது இலட்சம் பேர் இறந்தனர் எனக் கணிப்பர். மழை நிலையாயிருந்தும் ஆட்சி நிலைகுலைந்தால் வாழ்வு வீழும். மழை குலைந்தும் ஆட்சி நின்றால் வாழ்வு ஓரளவு நிற்கும். வரலாறு இவ்விரண்டையும் நமக்குக் காட்டிவிட்டது.

அவ்வாறாயின் தட்பவெப்பம் எப்படி மாறினாலும் நாம் சமாளித்துக்கொள்ளலாம் என்று அமைதி கொள்ளலாமா? கொள்ள இயலாது. நம் நாட்டுப் பருவமழை, ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரி 87 சென்டிமீட்டர். ஆண்டுக்காண்டு அது மாறுவது பெரும்பாலும் பத்து விழுக்காட்டு அளவிலேதான். அணையின் உயரம், கால்வாயின் அகலம், நகரத்துச் சாக்கடையின் குறுக்களவு, களஞ்சியத்தின் கொள்ளளவு ஆகிய யாவும் இவ்வொழுங்கை நம்பிக் கணக்கிடப்பட்டவை. பொய்க்கும் ஆண்டு வரும், போகும், பழைய சராசரி திரும்பும் என்பதே நம் விதித்தொகுப்புகளின் அடிப்படை. இப்பொழுது அச்சராசரியே நகர்கிறது.

புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 பாகை உயர்ந்துள்ளது. 1951 முதல் 2015 வரை பருவமழை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்தது. கங்கைச் சமவெளியும் மேற்குத் தொடர்ச்சி மலையும் இக்குறைவை மிகுதியாக உணர்ந்தன. அதே காலத்தில், மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 15 சென்டிமீட்டருக்கு மேற்கொட்டும் பெருமழைகள் 75 விழுக்காடு கூடின. மொத்த மழை குறைகிறது. பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. காரணம் மறைவானதன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் காற்றிற் சேரும் கரியமில வாயு உலகைச் சூடாக்குகிறது. சூடான காற்று மிகுந்த நீராவியைத் தாங்குகிறது. 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை அந்நகர்த் தமிழர் மறந்திருக்கமாட்டார்கள். 2022 மார்ச்சு, 1901 முதல் கணக்கிடப்பட்ட மார்ச்சு மாதங்களில் மிக வெம்மையானது. கதிர் முற்றும் பருவத்தில் கோதுமை காய்ந்தது. மே 13-இல் அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது.

மழைக்குறைவைக் களஞ்சியத்தால் ஈடுசெய்யலாம். வெயிலை எக்களஞ்சியத்தால் ஈடுசெய்வது? மே மாதத்தில் கட்டடத்தின் மேல்தளத்தில் கல் சுமப்பவனுக்குத் தானியம் கிடைத்தாலும் நண்பகலில் உழைக்க உடல் இடந்தராது. உழையாத நேரத்துக்குக் கூலியில்லை. 1877-இல் கூலியாளை வீழ்த்திய அதே வழியில்தான் இன்றைய வெம்மையும் அவனை நெருங்குகிறது. நல்வாய்ப்பாக, விதித்தொகுப்பு எழுதும் மரபும் நம்மிடம் அற்றுப்போகவில்லை. 2010 கோடையில் பலரைப் பலிகொடுத்த அகமதாபாத்து நகரம், 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. வெப்பம் இன்ன அளவைத் தாண்டும் என்று முதல்நாளே எச்சரிப்பது, மருத்துவமனைகளை ஆயத்தப்படுத்துவது, தண்ணீர்ப்பந்தல்களைத் திறப்பது, வெளியில் உழைப்போரின் வேலைநேரத்தை மாற்றுவது ஆகியவை அதன் கூறுகள். பின்னர் வேறு பல நகரங்களும் அதைப் பின்பற்றின. ஆயினும் வெம்மையைத் தாங்கும் விதிகளோடு வெம்மையைக் குறைக்கும் விதிகளும் சேரவேண்டும். புகையைக் குறைக்காமல் நிழலை மட்டும் பெருக்குவது, மடையை அடைக்காமல் நீரை இறைப்பதை ஒக்கும்.

வேற்றூர் வந்து வாழும் நாம் இதில் என்ன செய்யக்கூடும் என்று கேட்கலாம். நாம் குடியிருக்கும் ஊரின் மழை நம் பிறந்த ஊரின் மழையன்று. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துப் பழகிய நாம், ஆடி ஆவணியில் வெள்ளம் பெருகும் ஊர்களிலும், பங்குனியிலேயே கிணறு வற்றும் ஊர்களிலும் குடியேறியிருக்கிறோம். அவ்வூர்களின் பெரியோர் பழைய தில்லியில் படிக்கிணறு வெட்டினர்; பெங்களூரில் ஏரி கட்டினர்; இராசத்தானத்தில் முற்றத்தடியில் மழைநீர்த் தொட்டி அமைத்தனர். அவற்றைத் தூர்த்து எழும்பிய குடியிருப்புகளில் நாமும் வாழ்கிறோம். அவை எங்கேயிருந்தன என்று தெரிந்துகொள்வதும், எஞ்சியவற்றைக் காக்கும் அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்வதும், நம் வீட்டு மாடிக்குச் செங்கல் சுமப்பவன் நண்பகலில் நிழலில் இருக்கவும் அந்நேரக் கூலியைப் பெறவும் வழிசெய்வதும் நம் கைக்கு எட்டியவை. வானத்தின் ஒழுங்கு குறையக் குறைய, மனிதர் ஒருவர்க்கொருவர் காட்டும் ஒழுங்கு கூடவேண்டும். அதுவும் தளர்ந்த ஆண்டுகளையே நம் முன்னோர் பஞ்சம் என்று பெயரிட்டு நினைவில் வைத்தனர்.